அத்தானின் துக்க நாடா

பாரிஸ், கலாந்திர் தெரு
12 ஆகஸ்ட் 1793

அன்புள்ள ஸிதோனி அக்காவுக்கு,

தங்கை பெரின் எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் இருமல் மட்டும் போக மாட்டேன் என்கிறது. உன் கால் வீக்கம் வடிந்ததா? வயிற்றுப் பிள்ளை உதைக்கிறதா? லுபேன் அத்தானின் அப்பா இறந்ததற்கு நாங்கள் இருவரும் மிகவும் வருந்தினோம் என்று அத்தானிடம் சொல்.

கன்னியர் பள்ளியை மூடிய பிறகு, குடிமகள் தெலாந்து வீட்டு மாடியில் எட்டுப் பேர் படிக்கிறோம். இப்போது ரோமானியர் வரலாறு. நான் இரண்டு பாடம் முன்னால் போய்விட்டேன்.

அம்மாவுக்கு நல்ல வேளையாக வேலை கிடைத்திருக்கிறது. நம் தெருமுனைச் சிறையிலிருந்து காவலர் மனைவி வாரம் ஒரு மூட்டை கொடுத்தனுப்புகிறாள். சட்டைகளும் விரிப்புகளும்தான் அதிகம். போன வாரம் ஒரு கறுப்பு கவுன் வந்தது. கீழ் ஓரம் ஈரத் தரையில் இழுபட்டு நைந்திருந்தது. அம்மா அதைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"துக்கத்துல இருக்கிற பொம்பளையோடது. சோறு தண்ணி இறங்கலபோல. இடுப்ப நாலு விரக்கடை உள்ள பிடிக்கணும்" என்றாள்.

"யாரும்மா அது?"

"தைக்கிறவ பேரு கேக்கக் கூடாதுடி. அளவு மட்டும்தான் கேக்கணும்."

வெட்டியதில் மிஞ்சுவது தைத்தவளுக்குச் சொந்தம் என்ற வழக்கம் உனக்குத் தெரியுமே. அந்த ஓரத் துணியில் நையாத பகுதி மூன்று சாண் நீளம் கூடையில் கிடந்தது. பட்டும் கம்பளியும் கலந்த நல்ல துணி. இப்போது கறுப்புத் துணி எங்கே கிடைக்கிறது? அதை மடித்து, இரண்டு பக்கமும் நானே ஓரம் அடித்து, அத்தான் தன் அப்பாவுக்காகக் கையில் கட்டிக்கொள்ள இத்துடன் அனுப்புகிறேன். தையல் கோணலாக இருந்தால் அது என்னுடையது. நேராக இருக்கும் இடம் அம்மா திருத்தியது என்று நினைக்காதே, அவளுக்கு நான் எடுத்ததே தெரியாது.

உன் பதிலை எதிர்பார்க்கும்
பெரின்


ஓர்லியான்
24 ஆகஸ்ட் 1793

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். கால் வீக்கம் அப்படியே. பிள்ளை உதைப்பதைப் பார்த்தால் குதிரைப் படையில் சேர்வான் போலிருக்கிறது.

நாடாவைப் பார்த்ததும் அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் தங்கச்சி சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன், பெரிய மனுஷி மாதிரி யோசிச்சிருக்கா" என்றார். சேணம் தைக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை. இந்த ஊர்க் கண்காணிப்புக் கமிட்டியில் அவரை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் கட்டிக்கொண்டுதான் போகிறார். பெற்றவரை மதிப்பவன் நாட்டையும் மதிப்பான் என்று தலைவர் எல்லோர் முன்னாலும் அவர் கையைத் தொட்டுக் காட்டினாராம்.

அம்மாவுக்குத் தேன் கலந்த பார்லிக் கஞ்சி கொடு.

அக்கா ஸிதோனி


பாரிஸ்
14 செப்டம்பர் 1793

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கடிதங்களைத் தபாலில் பிரித்துப் படிக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். ஆகவே, இதை இடையில் படிக்கும் குடிமகனுக்கும் என் வணக்கம்.

சிறையில் ஏதோ சதி நடந்ததாம். ஒரு பூவுக்குள் சீட்டு வைத்து யாரோ கொடுத்தார்களாம். காவலரையும் அவர் மனைவியையும் பிடித்து, அவர்கள் காவல் காத்த இடம் போலவே வேறோர் இடத்தில் அடைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வேலை நின்றுவிட்டது.

புதன்கிழமை ரொட்டி வரிசையில் கீரைக்காரி மாத்துரின் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"ஏண்டி பெரின், உங்கம்மா ஊசிக்கு இப்பல்லாம் ராஜ குலத்துத் துணிதான் இறங்குமாமே?"

"காவக்காரங்க சட்டைதான் தைக்கிறா."

"ஆமாமா. காவக்காரங்க கறுப்பு கவுன் போட்டுக்கிறதா கேள்வி."

வரிசை முழுவதும் சிரித்தது. காப்பேயின் விதவை என்று இப்போது அழைக்கப்படுகிறவள், முன்பு ராணியாக இருந்தவள், நம் வீட்டிலிருந்து நூறு அடி தூரத்தில் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. புத்தகத்தில் தலையை விட்டுக்கொண்டு நடக்கும் எனக்குத்தான் தெரியவில்லை.

நேற்று எங்கள் பகுதிக் கமிட்டியிலிருந்து இருவர் வந்தார்கள். அவளுடைய உடையின் துண்டுகளைச் சிலர் புனிதப் பொருள்போல ஒளித்துவைத்துக் கும்பிடுகிறார்களாம். யாரிடம் இருந்தாலும் அவர் மன்னராட்சியின் ஆள். மிச்சத் துணி எங்கே என்று கேட்டார்கள். அம்மா கூடையைக் கவிழ்த்துக் காட்டி, "அத்தனையும் அடுப்புல போட்டுட்டேன், குடிமகனே. ஒரு நூல்கூட வெளிய போகல" என்றாள். அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

நான் பக்கத்தில் நின்றேன்.

அக்கா, வேறொரு விஷயம். அத்தானுக்கு அனுப்பினேனே, அந்த நாடாவின் சாயம் மட்டமான சாயம். சட்டையில் இறங்கும். பூச்சியும் இருக்கும். அதை உடனே நெருப்பில் போட்டுவிடு. மறக்காதே.

பெரின்


ஓர்லியான்
25 செப்டம்பர் 1793

அன்புத் தங்கைக்கு,

இங்கு நலம். சந்தேகத்துக்கு உள்ளானவர்களைப் பிடிக்கப் புதுச் சட்டம் வந்ததிலிருந்து அத்தானுக்கு ஓய்வே இல்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட யாராவது பெயர்ப் பட்டியலோடு வந்து நிற்கிறார்கள்.

நாடாவைப் பற்றிக் கவலைப்படாதே. போன வாரம் மழையில் முழுக்க நனைந்தும் சொட்டுச் சாயம் இறங்கவில்லை. அருமையான துணி. அவர் நண்பர் ஒருவர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாராம். "பாரிஸ்ல என் மாமியார் வீட்டுச் சரக்கு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கொஞ்சம் உதிரம் பட்டது. மருத்துவச்சி படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் சொல்லாதே.

ஸிதோனி


பாரிஸ்
2 அக்டோபர் 1793
(கைக்கடிதம்)

அக்கா,

இதை உங்கள் ஊர் வினிகர் பீப்பாய் வண்டியில் வரும் ஃபான்ஷோன் தன் காலுறைக்குள் வைத்துக் கொண்டுவருகிறாள். அதனால் உள்ளதை எழுதுகிறேன். நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள்.

அந்த நாடா அவளுடைய கவுன் ஓரம்.

அனுப்பியபோது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் மிச்சத்தை எரித்திருக்கிறாள். கூடையில் ஒரு துண்டு குறைந்ததை அவள் கவனிக்கவில்லை. இப்போது அவள் கையெழுத்துப் போட்ட பொய் ஒன்று கமிட்டியில் இருக்கிறது, அது பொய் என்று அவளுக்கே தெரியாது. அந்தத் துண்டு வெளியே வந்தால் அம்மாவைக் கொண்டுபோய்விடுவார்கள். அத்தானையும் விடமாட்டார்கள். நான் இரண்டு வாரமாகச் சாப்பிடும்போது என் தொண்டை அசைவதை அம்மா பார்க்கிறாளோ என்று பயந்துகொண்டே சாப்பிடுகிறேன்.

எரித்துவிடு. பிறகு "பூச்சி செத்தது" என்று மட்டும் தபாலில் எழுது.

பெரின்


பாரிஸ்
17 அக்டோபர் 1793

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பதினைந்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நீயும் பிள்ளையும் சுகமா?

நேற்று காப்பேயின் விதவைக்குத் தண்டனை நிறைவேறியது. விசாரணை இரண்டே நாள். காலையிலிருந்து முரசு. அம்மா போக வேண்டாம் என்றாள். பிறகு, போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என்று அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் நின்றோம்.

போன ஜனவரியில் மன்னனை மூடிய வண்டியில் கொண்டுபோனார்கள். இவளுக்குத் திறந்த கட்டை வண்டி. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். முடியை வெட்டியிருந்தார்கள். கறுப்பு உடுத்தவிடவில்லை போலிருக்கிறது, வெள்ளை கவுன். முப்பத்தேழு வயது என்று படித்திருக்கிறேன். அறுபது என்று சொன்னாலும் நம்பலாம். அவள் யாரையும் பார்க்கவில்லை. கூட்டம் அவ்வளவு சத்தம் போட்டது, நான் வாயை மட்டும் அசைத்தேன்.

அம்மா என் காதருகே, "தோள்ல இழுக்குது பாரு. அவசரத்துல மாட்டிவிட்டிருக்காங்க" என்றாள். 

மாத்துரின் எங்களுக்கு முன்னால் நின்றாள். "பதினாலு வயசுல அந்நிய நாட்லேர்ந்து வந்து இறங்குனா. முதமுதல்ல பாரிசுக்குள்ள வந்த அன்னைக்கு நான் ஆரஞ்சு வித்தேன். ஜனம் என்னா ஜனம்! ஒரு பழம் மிஞ்சல." பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "ஏன் இவளே, உனக்கு மூஞ்சி வெளுத்திருக்கு? சொந்தக்காரியா?"

"பசி" என்றாள் அம்மா.

பதினான்கு வயது என்றால் என்னைவிட ஒரே வயது பெரியவள். பிறந்த வீட்டிலிருந்து அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. இதை நான் பரிதாபத்தினால் எழுதவில்லை, வரலாற்றுக்காகக் குறித்துக்கொண்டேன். குடியரசு வாழ்க.

அக்கா, ஒரு வரியாவது எழுது.

பெரின்


ஓர்லியான்
21 அக்டோபர் 1793

குடிமகள் பெரின் ஓபேருக்கு,

குடிமகன் லுபேன் எழுதுவது. என் மனைவி படுக்கையில் இருக்கிறாள். அவள் பெயருக்கு ஒரு பெண் கொண்டுவந்த கடிதத்தை அதனால் நான் வாங்கிப் படிக்க நேர்ந்தது.

நீ ஆகஸ்ட் மாதம் அனுப்பிய கறுப்பு நாடாவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அது எங்கிருந்து வந்தது என்பது அணிந்திருந்த காலத்தில் எனக்குத் தெரியாது. தெரிந்த உடனே கழற்றினேன். இவ்விரண்டையும் எழுத்தில் பதிகிறேன். அதன் மூலம் எது என்பதை உன் தாய் உரியவர்களிடம் விளக்கிக்கொள்ளட்டும்.

இனி இந்த வீட்டுக்குக் கைக்கடிதம் எதுவும் வரக் கூடாது.

வணக்கமும் சகோதரத்துவமும்.

லுபேன்


பாரிஸ்
27 அக்டோபர் 1793 (ஃபான்ஷோனின் வண்டி வந்த பிறகு அனுப்பியது)
(கைக்கடிதம்)

அக்கா,

அம்மாவை அழைத்துப் போய்விட்டார்கள்.

அத்தானின் கடிதத்தைக் கமிட்டிக்காரர் ஒருவர் பிரித்தே கொண்டுவந்தார். வாசலில் நின்று, மாடிப்படி முழுவதும் கேட்கும்படி படித்தார். உறையிலிருந்து ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாள் ஒன்று மடிப்போடு கீழே விழுந்தது. நாடா இல்லை. அவர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. முன்பே எடுத்துவைத்துவிட்டார்களா? அல்லது அத்தான் வைக்க மறந்தாரா?

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது என்று நினைக்கிறேன். "கஞ்சி அடுப்புல இருக்கு, அடிப்பிடிக்காம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாளை மறுநாள் நான் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். நான் செய்யப் போவது இது. கன்னியர் பள்ளியில் போட்டிருந்த என் கறுப்பு ஏப்ரன் பெட்டியில் இருக்கிறது. அதன் கீழ் ஓரத்திலிருந்து நாடா அகலத்துக்கு மூன்று சாண் வெட்டிவிட்டேன். வெட்டிய இடம் பழசாகத் தெரிய, செங்கல்லில் தேய்த்தேன். நாடா இதிலிருந்து வெட்டியது என்பேன். அத்தான் ஏதோ கேள்விப்பட்டுப் பயந்துவிட்டார் என்பேன்.

ஆனால் ஏப்ரன் வெறும் கம்பளி. நாடாவில் பட்டு கலந்திருக்கிறது. அது அவர்கள் கையில் இருந்தால் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிடும். பொய்ச் சாட்சி சொன்னவளுக்கும் அதே வண்டிதான்.

நாடா எங்கே அக்கா? உன் பதில் நாளை மறுநாளுக்குள் வர முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

பெரின்


ஓர்லியான்
22 அக்டோபர் 1793
(கைக்கடிதம், பாரிஸுக்கு வந்து சேர்ந்தது 1 நவம்பர்)

என் கண்ணே பெரின்,

படுத்தபடி பென்சிலால் எழுதுகிறேன். ஃபான்ஷோனிடம் கொடுப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். வண்டியின் அச்சு முறிந்து கிடக்கிறது. எப்போது வந்து சேருமோ.

உன் கைக்கடிதத்தை அவர்தான் வாங்கினார். இரண்டு வாரம் என்னிடம் சொல்லவில்லை. நாடாவைக் கழற்றி இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொண்டு, யோசித்துக்கொண்டே திரிந்தார். முன்னாள் ராணியைக் கொன்ற செய்தி வந்த அன்றுதான் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கம்மாவும் தங்கச்சியும் சேர்ந்து என் கழுத்துக்குக் கயிறு திரிச்சிருக்காங்க" என்றார்.

"அது தெரியாம செஞ்சதுங்க. எரிச்சிடுங்க, முடிஞ்சுது."

"ஊரே பாத்திருக்கு. எரிச்சா நான் மறைச்சேன்னு ஆகும். அனுப்பிட்டா நான் சுத்தம்."

நேற்று கடிதத்துக்குள் நாடாவை வைத்து அரக்கு முத்திரை போட்டு மேசையில் வைத்துவிட்டு, கடையில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனார். நான் எழுந்தேன். எழக் கூடாது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். சூடு காட்டிய கத்தியால் அரக்கைத் தூக்கி, நாடாவை எடுத்துவிட்டு, உறை மெலிந்து தெரியாமலிருக்க ஒரு வெள்ளைத் தாளை மடித்து வைத்து மறுபடி ஒட்டினேன். அவர் எழுதியதைக் கிழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் அதைத் தானே எடுத்துப்போய்த் தபாலில் சேர்த்தார்.

நாடாவை அடுப்பில் போட்டேன். பட்டு எரிந்தால் முடி எரிவதுபோல் நாறும், தெரியுமா? அவர் திரும்பி வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன கருகுது?"

"பால் பொங்கிருச்சு."

வீட்டில் பால் இல்லை. பத்து நாளாக இல்லை. அவர் அடுப்புப் பக்கம் போகவில்லை. தொப்பியைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுபடி உதிரம் படுகிறது. பிள்ளை இன்னும் அசைகிறது. என்னைப் பற்றி இதற்கு மேல் கேட்காதே.

ஸிதோனி


பாரிஸ்
2 நவம்பர் 1793
(கைக்கடிதம்)

அன்பு அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. அம்மா வீட்டில் இருக்கிறாள். பக்கத்தில் தூங்குகிறாள். உன் கடிதம் நேற்றுதான் வந்தது. ஆகவே, எதுவும் தெரியாமலேதான் போய் நின்றேன். இதையும் முந்தைய கடிதத்தையும் உன் பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டுமே கொடுக்கும்படி ஃபான்ஷோனிடம் சொல்லியிருக்கிறேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தலைவர் முன்பு பிரபுக்களுக்குப் பொய்முடி செய்தவராம். இப்போது வைக்கத் தலைகள் குறைந்துவிட்டதால் இந்த வேலைக்கு வந்ததாக வாசல் காவலர் சொல்லிச் சிரித்தார். அம்மாவைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள்.

"நாடா எதுலேர்ந்து வெட்டினது பாப்பா?" என்றார் தலைவர்.

"என் ஸ்கூல் ஏப்ரன், குடிமகனே. இதோ."

அவர் ஏப்ரனை வாங்கி, வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டினார். முடி நட்ட விரல்கள் அல்லவா, பட்டையும் கம்பளியையும் இருட்டிலேயே பிரித்துவிடும்.

"அப்ப உங்க அத்தான் ஏன் இப்படி எழுதுறான்?"

"அவர் ரொம்பப் பயந்த சுபாவம். யாரோ எதையோ சொல்லியிருப்பாங்க."

"கமிட்டி மெம்பர், பயந்த சுபாவமா?"

"அதான் கமிட்டியில சேந்தார்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டு, உடனே இருமினார்.

தலைவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தபடி மேசை இழுப்பறையைத் திறந்து கையை உள்ளே விட்டார். அக்கா, அந்தக் கை வெளியே வருவதற்குள் நான் எவ்வளவு காலம் அங்கே நின்றேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்தது ஒரு பேனா.

"எழுதத் தெரியுமில்ல? சொன்னத எழுது."

எழுதினேன். வரி கோணாமல், எழுத்து நடுங்காமல் எழுதினேன். கடைசியில் அவர், "என்ன அழகான கையெழுத்து. பொய் சொல்றவங்க கை இப்படி நிக்காது" என்று அம்மாவை விட்டுவிட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் ஏப்ரனை என்னிடமிருந்து வாங்கி, வெட்டிய ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அவளுக்கு உன் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வரத் துடிக்கிறாள். ஆனால் பயண அனுமதிச் சீட்டுக் கேட்டால் ஓடுகிறாள் என்பார்கள்.

ஆகவே, உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கு நான் தனியாக எழுதுகிறேன். தபாலிலேயே, எல்லோரும் படிக்கும்படி.

பெரின்


பாரிஸ்
மூடுபனி மாதம் 14, குடியரசின் இரண்டாம் ஆண்டு (4 நவம்பர் 1793)

மதிப்புக்குரிய லுபேன் அத்தானுக்கு,

மைத்துனி பெரின் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவும் நானும் நலம். உங்கள் நலத்தையும், அக்கா, பிள்ளை நலத்தையும் அறிய மிகவும் விரும்புகிறோம்.

உங்கள் கடிதம் எங்கள் கமிட்டியில் முறையாகப் படிக்கப்பட்டது. நாடா என் பள்ளி ஏப்ரனிலிருந்து வெட்டியது என்று நான் என் கையால் எழுதிக் கொடுத்தேன், கமிட்டியும் ஏற்றுக்கொண்டது. அதன் நகல் அங்கே இருக்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டு நீங்கள் வீணாகக் கலங்கிவிட்டீர்கள். நல்ல வேளை, அது வெறும் ஏப்ரன் துணி. வேறு எதுவாவது இருந்திருந்தால், ஏழு வாரம் அதைக் கையில் கட்டிக்கொண்டு கமிட்டி மேசையில் உட்கார்ந்திருந்தவர் யார், அந்த ஏழு வாரத்தில் அவர் கையெழுத்திட்டது எவற்றில் என்றெல்லாம் கேள்வி வந்திருக்கும். தெரிந்த பிறகு இரண்டு வாரம் ஏன் பேசாமல் இருந்தார் என்றும் கேட்டிருப்பார்கள்.

உறையில் நாடா இல்லை. நீங்கள் வைக்க மறந்திருக்க வேண்டும். தேட வேண்டாம். அதே ஏப்ரனிலிருந்து இன்னொரு துண்டு வெட்டி, ஓரம் அடித்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் அப்பா இறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஏன் கழற்றினீர்கள் என்று உங்கள் ஊரில் யாராவது கேட்பதற்கு முன் கட்டிக்கொள்வது நல்லது.

அக்காவுக்கு நல்ல மருத்துவர் வேண்டும். பாலும் இறைச்சிச் சாறும் வேண்டும். கமிட்டி உறுப்பினர் கேட்டால் கிடைக்கும் என்று நினைக்கிறேன். பத்து நாளுக்கு ஒருமுறை அவள் கையால் எழுதிய கடிதம் எங்களுக்கு வர வேண்டும். வராவிட்டால் எனக்குக் கவலை வந்துவிடும். கவலை வந்தால் நான் நிறைய எழுதுவேன். என் கையெழுத்து எல்லோருக்கும் நன்றாகப் புரிகிறது என்று சொல்கிறார்கள்.

அக்காவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம்.

உங்கள் அன்பு மைத்துனி
பெரின் ஓபேர்